முதல் முறை சட்டமன்றத் தேர்தலில் நிற்பவருக்கு: பணம் திரட்டுவதும் செலவுக் கணக்கு எழுதுவதும்

2021 சட்டமன்றத் தேர்தலில் நண்பர் ஒருவர் சுயேச்சையாக நின்றார். எனக்குக் கணக்கு எழுத வரும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட, தேர்தல் முகவர் வேலை, அதாவது வேட்பாளர் சார்பில் அதிகாரப்பூர்வமாகத் தேர்தல் வேலைகளைப் பார்க்கும் பொறுப்பு, என் தலையில் விழுந்தது. டெபாசிட் போனது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் முடிவு வந்த பிறகும் ஒரு மாதம் பில்லும் வவுச்சருமாக உட்கார்ந்திருக்க வேண்டிவரும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் முறை நிற்பவர்கள், அதுவும் பின்னால் பெரிய கட்சி இல்லாதவர்கள், பெரும்பாலும் வரம்பைத் தாண்டி மாட்டிக்கொள்வதில்லை. செலவு செய்த அன்றே எழுதாமல் விட்டு மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் நிற்கப் போகிறவர்களையும் அவர்களுக்குக் கணக்கு எழுத மாட்டிக்கொண்டவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

வரம்பு எவ்வளவு?

தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவழிக்கக்கூடிய தொகை 2022 ஜனவரியில் 40 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாங்கள் நின்றபோது 30 லட்சத்து 80 ஆயிரம். நீங்கள் மனுத் தாக்கல் செய்யும்போது எது நடப்பில் இருக்கிறது என்று தேர்தல் நடத்தும் அலுவலரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

40 லட்சம் என்றதும் மலைப்பாக இருக்கும். 2021-ல் மாநிலத்தின் 234 தொகுதிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 6.28 கோடி வாக்காளர்கள் இருந்தார்கள். சராசரி பார்த்தால் தொகுதிக்கு 2.7 லட்சம் பேர். ஒரு வாக்காளருக்கு 15 ரூபாய்தான் வருகிறது. வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்து, தெருவுக்கு ஒரு முறை மைக்கோடு போய் வந்தாலே அதில் கணிசமான பங்கு போய்விடும்.

இந்த வரம்பு வேட்பாளருக்கு மட்டும்தான். கட்சிக்கு வரம்பே கிடையாது. 1974-ல் ஒரு வழக்கில், கட்சி செய்யும் செலவும் வேட்பாளர் கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி அதைச் செல்லாமல் ஆக்கினார்கள். 2003-ல் மறுபடியும் மாற்றினார்கள். இப்போது கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர்கள் வந்து போகும் பயணச் செலவு மட்டும் வேட்பாளர் கணக்கில் வராது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு அப்படி 40 பேர், மற்ற பதிவுபெற்ற கட்சிக்கு 20 பேர். சுயேச்சைக்கு யாரும் இல்லை, உங்களுக்காக வந்து பேசும் நடிகரின் கார் பெட்ரோலும் உங்கள் கணக்குதான்.

கட்சி வேட்பாளராக இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். தலைவர் வரும் மேடையில் நீங்கள் ஏறினாலோ, உங்கள் படமோ பெயரோ அங்கே இருந்தாலோ, அந்தக் கூட்டத்தின் பந்தல், மைக், நாற்காலிச் செலவில் உங்கள் பங்கு உங்கள் தலையில் ஏறும். மேடையில் மூன்று வேட்பாளர்கள் நின்றால் மூவருக்கும் பிரிப்பார்கள்.

முதல் வேலை: தனி வங்கிக் கணக்கு

மனுத் தாக்கல் செய்வதற்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்று புதிதாக ஒரு கணக்கு திறந்திருக்க வேண்டும். உங்கள் பெயரில் மட்டும் இருக்கலாம், தேர்தல் முகவரோடு கூட்டுக் கணக்காகவும் இருக்கலாம். முகவராக இல்லாத மனைவியையோ அண்ணனையோ கூட்டுச் சேர்க்கக் கூடாது. வங்கிதான் என்றில்லை, கூட்டுறவு வங்கியிலும் அஞ்சலகத்திலும் திறக்கலாம். அந்தக் கணக்கு எண்ணை மனுவோடு எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள். தேர்தல் கணக்கு என்று சொன்னதும் கிளையில் முழிப்பார்கள். வேட்பாளர்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல் இருக்கிறது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். காசோலைப் புத்தகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள், தபாலில் வரும் என்று விட்டால் தேர்தல் முடிந்துதான் வரும்.

அப்புறம், உங்கள் சொந்தப் பணமாகவே இருந்தாலும் முதலில் இந்தக் கணக்கில் போட்டு, பிறகுதான் எடுத்துச் செலவழிக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து நேராக எடுத்து டீக்கடைக்காரருக்குக் கொடுக்கும் பழக்கத்தை மனுத் தாக்கல் செய்யும் நாளோடு நிறுத்திவிடுங்கள். என் நண்பருக்கு இதைப் புரிய வைப்பதற்குள் நான்கு நாள் போய்விட்டது.

பணம் எங்கிருந்து வரும்?

உங்கள் பணம், கட்சி கொடுப்பது, மற்றவர்கள் நன்கொடையாகவோ கடனாகவோ தருவது. இந்த மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். கொடுத்தவர் பெயர், முகவரி, தேதி, தொகை, எப்படிக் கொடுத்தார் என்பது எல்லாம் வேண்டும். நம் ஊரில் இதற்குப் பழகிய ஆள் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார்: கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுபவர். ஊர்ப் பெயர், அப்பா பெயர், தொகை, கொண்டுவந்து கொடுத்தவர் வரைக்கும் விடாமல் எழுதிப் பழகியவர் அவர். நன்கொடைப் பதிவை அவரிடமே ஒப்படையுங்கள். எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார், எங்கள் கணக்கிலேயே கேள்வி வராத பகுதி அதுதான்.

ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்காதீர்கள். அதற்கு மேல் என்றால் காசோலை, வரைவோலை, வங்கிப் பரிமாற்றம். யூபிஐ-யில் ஒரு சிக்கல் உண்டு. "என் நம்பருக்கு ஜீபே பண்ணிடுங்க" என்று வேட்பாளர் சொல்லிவிடுவார், பணம் அவருடைய பழைய சொந்தக் கணக்கில் போய் விழும். மளிகைக் கடைக்குக் கொடுத்தது, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், நன்கொடை எல்லாம் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. தேர்தல் கணக்குக்கென்று தனி க்யூஆர் கோடு வாங்கி, அதை மட்டும் எல்லோருக்கும் அனுப்புங்கள். இணையத்தில் கூட்டு நிதி திரட்டினாலும் அந்தப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும், கொடுத்தவர் பட்டியலும் கூடவே வர வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் வேண்டவே வேண்டாம். வேட்பாளர் வெளிநாட்டு நன்கொடை வாங்குவதை 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் தடை செய்கிறது. துபாயில் வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பர் தன் சம்பளத்திலிருந்து அனுப்புவது வேறு. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் அனுப்புவது வேறு. ஊர்ப் பாசம் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருக்கும், சட்டம் பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கும்.

வரி விஷயத்திலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அரசியல் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை என்பது பதிவுபெற்ற கட்சிக்குக் கொடுத்தால்தான். தனி வேட்பாளருக்குக் கொடுத்தால் கிடையாது. சலுகை உண்டு என்று ஆசை காட்டி யாரிடமும் வாங்காதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் இனாமாக வந்தால் வாங்கியவருக்கு வரி வரக்கூடும் என்ற விதியும் இருக்கிறது. பணம் திரட்டத் தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுங்கள்.

மனுத் தாக்கல் நாள்: கடிகாரம் ஓடத் தொடங்குகிறது

டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 5,000. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பி வரும். ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது ஒருவர் சில்லறைக் காசாக மூட்டை கட்டிக்கொண்டு வந்து டெபாசிட் கட்டி டிவியில் வருவார். எண்ணி முடிக்கும் அலுவலரின் முகத்தையும் சேர்த்துப் பார்த்தால் இந்த விளம்பரம் வேண்டாம் என்று தோன்றும். சுயேச்சைக்கு முன்மொழிபவர்கள் பத்துப் பேர் வேண்டும், எல்லோரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும்.

மனுத் தாக்கல் செய்யும் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை, அந்த இரண்டு நாளும் சேர்த்து, செய்யும் செலவெல்லாம் கணக்கில் வரும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-வது பிரிவு சொல்வது இது. "நோட்டீஸ் போன மாதமே அடிச்சாச்சு, அது வராது" என்பார்கள். வரும். முன்னாடியே அச்சடித்து வைத்திருந்தாலும் மனுவுக்குப் பிறகு வினியோகித்தால் அது கணக்கில் சேரும்.

அன்றே உங்கள் கையில் ஒரு பதிவேடு கொடுப்பார்கள். அதில் மூன்று பகுதி: வெள்ளைத் தாளில் அன்றாடச் செலவுக் கணக்கு, இளஞ்சிவப்புத் தாளில் ரொக்கக் கணக்கு, மஞ்சள் தாளில் வங்கிக் கணக்கு. புரிந்துகொள்ளச் சுருக்கு வழி இதுதான்: மைக் செட்டுக்கு 6,000 ரூபாய் காசோலை கொடுத்தீர்கள் என்றால் வெள்ளையில் ஒரு வரி, மஞ்சளில் ஒரு வரி. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும். அந்த ரொக்கத்தை வங்கியிலிருந்து எடுத்தபோது மஞ்சளில் பற்று, இளஞ்சிவப்பில் வரவு. எல்லாவற்றையும் வெள்ளையில் மட்டும் எழுதி வைத்துவிட்டு முழிப்பவர்களை, பிரச்சாரத்தின் நடுவே கணக்கை ஆய்வு செய்யும் அறை வாசலில் நிறையப் பார்த்தேன்.

தேர்தல் முகவருக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை இருக்கும். செலவுக் கணக்குக்கென்று கூடுதலாக ஒரு முகவரை நியமித்துக்கொள்ள ஆணையம் அனுமதிக்கிறது. பிரச்சாரத்துக்குப் போகாத, வீட்டோடு இருக்கிற, கொஞ்சம் கறாரான ஆளாகப் பார்த்துப் போடுங்கள்.

செலவழிக்கும்போது

ஒரே ஆளுக்கோ ஒரே கடைக்கோ தேர்தல் முழுவதற்கும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இல்லை, மொத்தத்துக்கும். பந்தல்காரருக்கு 3,000, 4,000 என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்தால் நான்காவது முறையில் தாண்டிவிடும். அதனால் பந்தல், மைக், வண்டி, அச்சகம், சாப்பாடு ஆகிய ஐந்துக்கும் முதல் நாளிலிருந்தே காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் டீக்கும் பூவுக்கும் போதும்.

விலை விஷயத்தில் உங்கள் பேரம் எல்லா இடத்திலும் எடுபடாது. நாற்காலி, ஷாமியானா, மாலை, டீ, பிரியாணி, கார் வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர், அதாவது கலெக்டர், விலைப் பட்டியல் வெளியிடுவார். அதை முதல் நாளே வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். அச்சாவதற்கு முன் கட்சிகளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார்கள், அந்தக் கூட்டத்துக்குப் போக முடிந்தால் போய்விடுங்கள்.

இலவசமாகக் கிடைத்ததும் செலவுதான் என்பது புதியவர்களுக்குச் சட்டென்று புரியாத விஷயம். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தெருமுனைக் கூட்டம். 50 நாற்காலி சொல்லியிருந்தோம், 50 என்று எழுதினோம். இரண்டாவது ஆய்வில் எதிரே இருந்த தேர்தல் அலுவலர், எங்கள் செலவை அவர்களே தனியாகக் கணித்து எழுதி வரும் நிழல் பதிவேட்டைப் புரட்டி, "நூறு இருந்துச்சே சார்" என்றார். நான் இல்லை என்றேன். லேப்டாப்பைத் திருப்பி வீடியோவை ஓட விட்டார். பின்வரிசையில் காலியாக, சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஐந்து வரிசை. பந்தல்காரரைப் போனில் பிடித்தால், "கூட்டம் வந்தா பத்தாதேண்ணே, அதான் சும்மா இறக்கி வெச்சேன். வாடகையா கேட்டேன்?" என்கிறார். பாசம்தான். வாடகை கேட்காவிட்டாலும் பட்டியல் விலையில் அந்த 50 நாற்காலியும் எங்கள் கணக்கில் ஏறின. ஏறியதை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டோம். தொகை சிறியதுதான், ஆனால் அடுத்த கூட்டத்திலிருந்து நாற்காலி எண்ணவே ஒரு பையனைப் போட்டோம்.

நண்பர் கொடுத்த காரும் மச்சான் போட்ட சாப்பாடும் இப்படித்தான், சந்தை விலையில் எழுத வேண்டும். சம்பளம் வாங்காமல் உடன் நடக்கும் தொண்டருக்குக் கூலி எழுத வேண்டியதில்லை, அவர் குடித்த டீக்கு எழுத வேண்டும். உங்கள் அனுமதி இல்லாமல் யாராவது உங்களுக்காக விளம்பரம் செய்தால் அவர் மீது குற்றம், அபராதம் உண்டு. அதனால் ஆர்வக்கோளாறில் பிளக்ஸ் வைக்கும் ரசிகரிடம் முன்பே பேசிவிடுங்கள். அனுமதியில்லாத இடத்தில் ஒட்டிய போஸ்டரை அலுவலர்கள் கிழித்தால், கிழிக்கும் செலவும் உங்கள் கணக்குக்கு வரும்.

அச்சகத்துக்குப் போகும்போது: நோட்டீஸ், போஸ்டர் எல்லாவற்றிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். எத்தனை பிரதி என்பதும் வேண்டும். இரண்டு சாட்சிகளோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்த பிறகுதான் அச்சகம் அடிக்கலாம். மீறினால் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. சுயேச்சைகளுக்கு இன்னொரு இடைஞ்சல், மனு வாபஸ் நாள் முடிந்த பிறகுதான் சின்னம் கையில் கிடைக்கும். அங்கிருந்து வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் சொச்சம்தான் இருக்கும். நோட்டீஸை வடிவமைத்து, சின்னத்துக்கு மட்டும் இடம் விட்டு, அச்சகத்துக்கு முன்பணம் கட்டி வைத்திருந்தால் அன்று இரவே ஓட விடலாம்.

சமூக ஊடக விளம்பரத்துக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன் அனுமதி தேவை. விளம்பரக் கட்டணத்தோடு வீடியோ வெட்டும் பையனின் சம்பளமும் செலவில் வரும். செய்தி போலக் காசு கொடுத்துப் போட வைப்பது இன்னும் ஆபத்து. உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்த உம்லேஷ் யாதவ் அப்படி வந்த செய்திகளின் செலவைக் காட்டவில்லை என்று 2011 அக்டோபரில் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். பதவியில் இருக்கும்போதே.

உங்கள் மீது குற்ற வழக்கு இருந்தால் அதை நாளிதழிலும் டிவியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும், அந்தச் செலவும் உங்களுடையதே. போராட்டத்தில் கலந்துகொண்டு வழக்கு வாங்கியவர்கள் இதற்குத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

வண்டியில் பணம்

வேட்பாளர், முகவர், தொண்டர் போகும் வண்டியில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறக்கும் படையோ நிலையான கண்காணிப்புக் குழுவோ எடுத்துக்கொள்ளும். ஆகவே அன்றைய தேவைக்கு மட்டும் எடுங்கள், வங்கிச் சீட்டைக் கூடவே வையுங்கள்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அதை எந்தத் தாளிலும் எழுத முடியாது. அரவக்குறிச்சி, தஞ்சாவூர் 2016-ல், ஆர்.கே. நகர் 2017-ல், வேலூர் 2019-ல் என்று பணப் பட்டுவாடா காரணமாகவே தேர்தல் ரத்தான ஊர் இது. ஆனால் கொடுக்கும் எண்ணமே இல்லாதவரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு, ஆரத்தித் தட்டு. தெருவில் நுழைந்ததும் அக்காமார்கள் தட்டோடு நிற்பார்கள். தட்டில் ஏதாவது போடுவது நமக்குக் காலகாலமான பழக்கம். தேர்தல் நேரத்தில் யாராவது அதைப் படம் பிடித்தால் வாக்காளருக்குப் பணம் கொடுத்ததாக வழக்கு வரும். என் நண்பர் கும்பிடு போட்டு, குங்குமம் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். "கஞ்சப் பய" என்று ஒரு பாட்டி சொன்னது எனக்கே கேட்டது.

ஆய்வும் நோட்டீஸும்

பிரச்சாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை, செலவைக் கண்காணிக்க ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் முன் பதிவேட்டைக் காட்ட வேண்டும். தேதிகளை முன்பே சொல்லிவிடுவார்கள். போகாமல் இருக்காதீர்கள், போகாதவருக்கு நோட்டீஸ் வரும், வாகன அனுமதியிலும் கை வைப்பார்கள். வித்தியாசம் இருந்தால் எழுத்தில் கேட்பார்கள், 48 மணி நேரத்தில் எழுத்திலேயே பதில் கொடுக்க வேண்டும். அவர்கள் சொல்வது தவறு என்றால் தயங்காமல் மறுக்கலாம். பக்கத்துத் தெருவில் நடந்த வேறு கட்சிக் கூட்டத்தின் பிளக்ஸை எங்கள் கணக்கில் சேர்த்திருந்தார்கள், படத்தைக் காட்டி எழுதிக் கொடுத்ததும் எடுத்துவிட்டார்கள்.

வாக்குப்பதிவு நாள்தான் ஒரே நாளில் அதிகம் போகும் நாள். தொகுதிக்குச் சுமார் 300 வாக்குச்சாவடி. அத்தனைக்கும் பூத் ஏஜென்ட் போட முடிந்தால் அத்தனை பேருக்கும் சாப்பாடு, வெளியே 100 மீட்டருக்கு அப்பால் மேஜை, நாற்காலி. சுயேச்சைக்கு எல்லா பூத்திலும் ஆள் கிடைக்காது, இருப்பவர்களை நல்ல வாக்கு எதிர்பார்க்கும் இடங்களில் போடுங்கள். முடிவு அறிவிக்கும் நாளும் கணக்குக்குள்தான் என்பதால் எண்ணும் மையத்துக்கு வாங்கிப்போன பொட்டலங்களையும் எழுதிவிடுங்கள்.

கடைசி 30 நாள்

முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு போய்ச் சேர வேண்டும். பதிவேடு, பில், வவுச்சர், வங்கி அறிக்கை, சுருக்க அறிக்கை, அட்டவணைகள், பிரமாணப் பத்திரம், எல்லாவற்றிலும் கையெழுத்து. தோற்றவரும் கொடுக்க வேண்டும், ஒரு பைசா செலவழிக்காதவரும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டாலோ முறைப்படி கொடுக்காவிட்டாலோ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10அ பிரிவின் கீழ் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. தோற்ற சலிப்பில் போனை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுபவர்கள்தான் இந்தப் பட்டியலில் அதிகம் சிக்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

26-வது நாளில் கணக்குச் சரிபார்ப்புக் கூட்டம் ஒன்று நடக்கும். உங்கள் பதிவேட்டையும் அவர்கள் நிழல் பதிவேட்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் எல்லா பில்லும் கையில் இருக்க வேண்டும். பில் தராத கடைக்காரர்களிடம் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள், தேர்தல் முடிந்து மூன்று வாரம் ஆனால் அவர்களுக்கு உங்கள் முகமே மறந்துவிடும்.

கணக்கைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். கொடுக்கும் முன் எல்லாத் தாளையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த கணக்கை ஒரு ரூபாய் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், வென்றவர் கணக்கை நீங்களும் பார்க்கலாம், தவறாமல் பாருங்கள். தேர்தல் வழக்குப் போட முடிவு வந்ததிலிருந்து 45 நாள் அவகாசம் உண்டு. அது தாண்டும் வரையாவது நகல்களைப் பீரோவில் வையுங்கள். எங்களுடையது இன்னும் என் வீட்டுப் பரணில், சிவப்பு நாற்காலி பில்லோடு இருக்கிறது.